ரெஜ் சிரித்த வரி

என் மனைவி வில்மா துப்பறியும் நாவல்கள் எழுதிப் பேர் வாங்கியவள். அவற்றில் அவள் யாரைக் கொன்றாலும் கேட்க ஆளில்லை. வயதான பிறகுதான் நடந்த சம்பவம் ஒன்றை எழுதத் துணிந்தாள். எங்கள் யார்க்‌ஷயர் கடற்கரை ஊரிலிருந்து போய், புயலில் திரும்பாமலே போன ஒரு மீன்பிடிப் படகின் கதை. புத்தகம் நன்றாக விற்றது. ஊர் நூலகத்தில் அதை வாசிக்கக் கூப்பிட்டார்கள்.

அன்று காலையிலிருந்தே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"டோரீன் வருவாளா?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டாள். படகில் போன ரெஜ்ஜின் அக்கா டோரீன். புத்தகத்துக்காக வில்மா பேசப் போனபோது கதவைத் திறக்க மறுத்தவள்.

"வரட்டுமே. அவ தம்பியை நல்லபடியாத்தானே எழுதியிருக்க?"

"அதான் பயமா இருக்கு."

டோரீன் வந்திருந்தாள். நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வில்மா வாசித்தாள். ரெஜ் வரும் பக்கத்தைச் சத்தமில்லாமல் புரட்டித் தள்ளினாள்.

வாசித்து முடித்ததும் டோரீன் எழுந்தாள்.

"அந்தப் பக்கத்தை ஏன் விட்டுட்டே? ரெஜ் கிளம்புறப்ப வாசல்ல நின்னு சிரிச்சான்னு எழுதியிருக்கியே. எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாங்க. அதைக் கேட்டுக்கிட்டேதான் போய்ச் சேர்ந்தாங்க. உனக்கு யார் சொன்னது?"

யாரோ அக்கம்பக்கத்தார் சொன்னதாகச் சொல்லிவிடேன் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். வில்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"யாரும் சொல்லல, டோரீன். நானா எழுதினதுதான். அந்த இடம் காலியா இருக்கிறதைப் பொறுக்க முடியல."

டோரீன் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். வில்மா மழையில் பின்னாலேயே ஓடினாள். பேருந்து நிறுத்தத்தில் நான் அவர்களை எட்டிப்பிடித்தபோது வில்மா கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த பதிப்புல அந்த வரியை எடுத்துடறேன்."

"எடுத்துட்டு என்ன போடுவே?" டோரீன் அவளைப் பார்க்காமலே பேசினாள். "என் சைக்கிளைக் கேக்காம எடுத்துட்டான்னு அன்னிக்குச் சண்டை. கதவை அறைஞ்சிட்டுப் போனான். உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்டான்னு நான் கத்தினேன். மாடியில தூங்கிட்டிருந்த அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது. உன் பொய்தான் அவங்களைக் காப்பாத்துச்சு. அதுக்கு உன்னைத் திட்டுறதா, கும்பிடுறதான்னு தெரியாமத்தான் வந்தேன்."

"இதை எழுதலாமா?"

"சண்டையை எழுது. நான் கத்தினதை விட்டுடு."

அப்படியே எழுதி, அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை வில்மாவே டோரீன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். நான் காரில் காத்திருந்தேன். ஒருவழியாக வெளியே வந்தவள் பக்கத்தை என்னிடம் நீட்டினாள். தான் கத்தியதை டோரீன் ஓரத்தில் பென்சிலால் எழுதிச் சேர்த்திருந்தாள்.

"போட்டுக்கோன்னுட்டா," என்றாள் வில்மா. பக்கத்தைத் திரும்ப வாங்கி, வீடு வந்து சேரும்வரை மடியிலேயே வைத்திருந்தாள்.