ஆகாத கை

வளையல் தட்டு அவளைத் தாண்டிப் போகிறது, சந்தனக் கிண்ணமும் கூடவே, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் குலுங்க, மாமியார் பிச்சம்மாள் அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் நீட்டுகிறாள், ஆவுடைச்செல்வி கையை முந்தானைக்குள் மடக்கிக்கொள்கிறாள், நாத்தனார் உலகம்மைக்கு இன்று வளைகாப்பு, காலையிலேயே அடுப்படியில் வைத்து மாமியார் சொல்லிவிட்டாள், ஏட்டி, நீ வளையல் போட வேண்டாம், மூணு கலைஞ்சவ கை, எம்புள்ளைக்கு ஆகாது, சரி அத்தை என்றுதான் இவளும் சொன்னாள், பாழாய்ப்போன வாய்க்கு வேறென்ன வரும், ஒவ்வொரு முறையும் பப்பாளி தின்னியா, மாடி ஏறுனியா என்று கேட்டபோதும் இதே வாய்தான், ஒவ்வொரு முறையும் இவள் கையில்தான் ஊசி, இவளிடம்தான் ரத்தம், புருஷன் பேச்சிமுத்து ஆஸ்பத்திரி வாசலில் இவள் செருப்புக்குக் காவல், மதுரை டாக்டரம்மாதான் எட்டிப் பார்த்து, சார், உங்க ரத்தமும் வேணும் என்றார், எனக்கு என்னத்துக்கு மேடம் என்று அவன் சிரித்தது இப்போதும் கேட்கிறது, பிறகு அந்தப் படம், ஜோடி ஜோடியாக அவன் குரோமோசோம்கள், இரண்டில் மட்டும் நுனிகள் ஒன்றுக்கொன்று இடம் மாறி ஒட்டியிருந்தன, இவருக்கு ஒண்ணும் செய்யாது, பிள்ளைக்குப் போகும்போது சில சமயம் குறைஞ்சோ கூடியோ போயிடும், அப்பதான் கலையுது, நல்லபடியா தங்கவும் செய்யும், இது அம்மா அப்பா வழியில வந்திருக்கலாம், கூடப்பிறந்தவங்களும் பார்த்துக்கிறது நல்லது என்றார் டாக்டரம்மா, பேருந்தில் தென்காசி வந்து இறங்கும்போது, அம்மாட்ட நானே சொல்லுதேன் என்றான், இன்றுவரை சொல்லவில்லை, கோழை, இவளுக்கு வயிறு எரிகிறது, ஆனால் உலகம்மையின் வயிற்றைப் பார்த்தால், ஐயோ இவளுக்கும் இருக்குமோ, ஏழு மாதம் வந்துவிட்டதே, நல்லபடியாக வரட்டுமே என்று வேண்டிக்கொள்கிறாள்.

தட்டு தாண்டிப் போனதை அவனும் பார்த்துவிட்டான் போல, எழுந்து வருகிறான், அம்மாவை அடுப்படிக்குக் கூட்டிப் போகிறான், ஆவுடை பின்னாலேயே ஓடுகிறாள், எம்மா, கோளாறு அவகிட்ட இல்ல, எங்கிட்ட, நம்ம ரத்தத்துல வந்தது, தங்கச்சிக்கும் இருக்கலாமாம் என்கிறான், மாமியார் கத்துவாள் என்று இவள் காத்திருக்கிறாள், அவள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிடுகிறாள், ஒனக்கு முந்தி ரெண்டு எனக்கும் கலைஞ்சுதுலே, யார்ட்டயும் சொன்னதில்ல.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போகிறாள், இவளும் போகிறாள், வளையல் தட்டு திரும்பி வருகிறது, இந்த முறை தாண்டவில்லை, இவள் முன்னால் வந்து நிற்கிறது, மாமியார்தான் நீட்டுகிறாள், நீ போடு தாயீ, என் கை ஆகாது, ஆவுடை ஒரு வளையலை எடுத்து அந்தக் கையில் திணிக்கிறாள், இன்னொன்றைத் தான் எடுத்துக்கொள்கிறாள், இருவரும் அசையாமல் நிற்கிறார்கள், என்ன மயினி, ரெண்டு பேரும் இப்படி நிக்கிய, போடுங்க என்று உலகம்மை கையை நீட்டிச் சிரிக்கிறாள்.