பச்சை டிக்

ஸ்கேன் சென்டரில் முன்பதிவு கவுண்டருக்கு வேலைக்குப் போன முதல் வாரத்திலிருந்தே சாப்பாட்டு மேஜையில் நாத்தனாருக்கு ஒரே பல்லவிதான்.

"ஒருத்தர் பேரைப் பத்து மணியிலேர்ந்து பதினொண்ணுக்கு மாத்தறேன்னு வைங்க, ஸ்கிரீன் மொத்தமும் வெள்ளையாயிடுது. அது திரும்பி வர்றதுக்குள்ள வரிசையில நிக்கறவங்க என்னைப் பார்வையாலயே எரிச்சிடறாங்க. வந்த பிறகாவது இருந்த இடத்துல நிக்குதா? மேல போய் உக்காந்துக்குது. மறுபடி கீழ இறங்கித் தேடணும். எந்தப் புண்ணியவான் அண்ணி இதை எழுதினது?"

புண்ணியவதி எதிரிலேயே உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மென்பொருளைப் பராமரிக்கும் கம்பெனியில்தான் அண்ணிக்கு வேலை. அலுவலகத்தில் அவளை மேடம் என்பார்கள். நமக்கு அண்ணி போதும்.

நாத்தனார் சொன்னதில் பொய் இல்லை. அது பழைய காலத்து ஃபிரேம்வொர்க்கில், அதாவது மென்பொருள் சட்டகத்தில், எழுதப்பட்டது. எல்லா வேலையும் சர்வரில்தான். எதைத் தொட்டாலும் பக்கம் முழுவதும் சர்வருக்குப் போய், அங்கே புதிதாகத் தயாராகி, முழுசாகத் திரும்பி வரும். ஊர் உலகமெல்லாம் அஜாக்ஸ் என்ற முறைக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பக்கம் அசையாமல் நிற்க, மாற்றிய ஒரு வரி மட்டும் பின்னால் போய்ச் சேதி சொல்லிவிட்டு வரும். இதைச் சேர்த்துவிடலாம் என்று அண்ணி பலமுறை சொல்லியும் மேலாளர் காதில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது வீட்டிலேயே ஒரு வாடிக்கையாளர் கிடைத்ததும் அவளுக்கு வேகம் வந்தது. அடம்பிடித்து அனுமதி வாங்கினாள்.

நாத்தனாருக்கு நாற்பதைத் தாண்டி வந்த முதல் வேலை அது. அம்மாவுக்கு ஞாபகம் தப்பிப்போன பிறகு கூடவே இருந்து குளிப்பாட்டி, ஊட்டி, கடைசியில் தன்னையே யாரென்று கேட்ட அம்மாவை வழியனுப்பிவைத்ததில் அவளுடைய நல்ல வயதெல்லாம் போய்விட்டது. அதனால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை வீட்டுக்கு வந்த பிறகும் கழற்ற மாட்டாள். தங்கச் சங்கிலி போட்டவள்கூட இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டாள் என்று அவள் அண்ணன் கேலி செய்வார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாதக் கடைசியில் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

புதிய பக்கத்தை மறுநாள் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்ற நிலையில், அண்ணி தேநீர் குடிக்கப் போனாள். அரட்டையில் நேரம் போனது தெரியவில்லை. திரும்பி வந்து ஒரு பெயரை மாற்றிப் பார்த்தாள். பக்கத்தில் அழகாகப் பச்சை டிக் விழுந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தை மறுபடி திறந்தாள். கடவுச்சொல் கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் மாற்றிய பெயரைக் காணோம்.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இருபது நிமிடம் சும்மா இருந்தால் சர்வர் ஆளை வெளியே தள்ளிவிடும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் எதை அமுக்கினாலும் கடவுச்சொல் கேட்கும் பக்கம் முழுசாக வந்து நிற்கும். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். இப்போது அதே பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் பதிலாக வந்து சேர்கிறது, எல்லாம் நலம் என்ற முத்திரையோடு. அண்ணி எழுதிய நிரல் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் டிக் போட்டுவிடுகிறது. சரிசெய்ய அரை நாள் உட்கார வேண்டும். விடிந்தால் செயல்முறைக் காட்சி. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. அது வராமல் இருந்ததுண்டா?

புதிய பக்கம் சென்டருக்கு வந்ததும் நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள டிக் விழுது அண்ணி! பக்கத்து கவுண்டர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், இது எங்க அண்ணி பண்ணினதுன்னு."

பிறகு ஒரு நாள் மாலை அவள் அழுது முகமெல்லாம் வீங்கி வந்து நின்றாள்.

சர்க்கரை நோய் உள்ள ஒரு பெரியவர், வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள் என்று காலையிலேயே வந்திருக்கிறார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. இடையில் சேர்க்கிறோம், உட்காருங்கள் என்றிருக்கிறார்கள். உட்கார்ந்தே இருந்தவர் எழுந்தபோது மயங்கி விழுந்து, நாற்காலி முனை நெற்றியைக் கிழித்துத் தையல் போடும்படி ஆகிவிட்டது. அவருடைய மகன் போட்ட சத்தத்தில் சென்டரே கூடிவிட்டது. முந்தின நாள் அந்தப் பெயரைப் பதிந்தது நாத்தனார்.

"நான் பதிஞ்சேன் அண்ணி. டிக்கைப் பார்த்தேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன். மேனேஜர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டி, எங்கம்மா இருக்குன்னு கேட்கிறார். பொய் சொல்றவ மாதிரி நின்னேன்."

"எத்தனை மணிக்குப் பதிஞ்ச?" என்றாள் அண்ணி.

"சாப்பிட்டுட்டு வந்து உக்காந்ததும் முதல் ஆள் அவர்தான். அடுத்த ஆளுக்குப் பக்கத்தை மறுபடி திறந்தப்போ பாஸ்வேர்டு கேட்டுது."

அந்த நொடியே அண்ணி சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு, "அழாதே, நாளைக்கு ஆபீஸ்ல பார்க்கிறேன்" என்றாள். பயம்தான் காரணம். இதற்கு வேறு நல்ல பெயர் வைக்க நான் தயாராக இல்லை.

மறுநாள் சென்டரிலிருந்து கேள்வி வந்துவிட்டது: அந்தப் பெயர் பதியப்பட்டதா, இல்லையா? மேலாளர் அதை அண்ணியிடமே தள்ளினார். "குறிப்பிட்ட நாளில் அந்தப் பெயரில் பதிவு எதுவும் சர்வரில் இல்லை" என்று அண்ணி எழுதினாள். எழுத்துக்கு எழுத்து உண்மை. அனுப்பிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பிறகு திரும்பி வந்து, அரை நாள் பிடிக்கும் என்று ஒத்திப்போட்ட வேலையை மதியத்துக்குள் முடித்து, வேறு நாலு சில்லறைத் திருத்தங்களோடு சேர்த்துக் கமுக்கமாகச் சர்வரில் ஏற்றிவிட்டாள். இனி யார் எப்படிச் சோதித்தாலும் டிக் பொய் சொல்லாது.

மனசு இலேசாகிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் நாத்தனாரின் செருப்பைப் பார்த்தே நெஞ்சு குறுகுறுத்தது.

நாத்தனார் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேட்கட்டுமா? ஒருவேளை நான் அமுக்கவே இல்லையோ? அமுக்கின மாதிரி நினைச்சுக்கிட்டேனோ?"

அண்ணி கைப்பையைக் கீழே வைக்கவில்லை.

"அம்மாவுக்கு முதல்ல எப்படி ஆரம்பிச்சுது? அப்போ நான் நம்பவே இல்ல. நீங்கதான் முதல்ல கவனிச்சீங்க."

கேள்வி எங்கே போகிறது என்று தெரிந்தே அண்ணி பதில் சொன்னாள். "சின்னச் சின்னதாத்தான். அடுப்பை அணைச்சிட்டேன்னு சொல்வாங்க, எரிஞ்சிட்டிருக்கும். கதவைப் பூட்டிட்டேன்னு சாதிப்பாங்க, திறந்தே கிடக்கும்."

"செஞ்சதாவே நம்புவாங்க, இல்ல?"

"ஆமா."

நாத்தனார் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த துணியை எடுத்தாள். அண்ணி உடை மாற்றப் போகிறேன் என்று உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எழுந்து வெளியே வரவில்லை.

சனிக்கிழமை மதியமே நாத்தனார் வீடு திரும்பினாள். கழுத்தில் அட்டை இல்லை.

"நானே வேண்டாம்னுட்டு வந்துட்டேன்" என்றாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. "மேனேஜர் நல்ல மனுஷர். கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறு இருக்குமோ, கம்பெனிக்கு இன்னொரு தடவை எழுதிக் கேட்கட்டுமான்னார். நான்தான் வேண்டாம்னேன். அது எங்க அண்ணி செஞ்சது சார், அதுல தப்பு வராது, எனக்குத்தான் மறதி, எங்க குடும்பத்துல இருக்கிறதுதான்னு சொல்லிட்டேன். இன்னிக்கு ஒரு நெத்தியோட போச்சு. நாளைக்கு யார் உயிருக்காவது ஆபத்துன்னா என்ன பண்றது? நரம்பு டாக்டரை எப்போ பார்க்கலாம் அண்ணி? நீங்களும் கூட வாங்க. அண்ணன் வந்தா அழுதிடுவார்."

அண்ணி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ பதிஞ்ச. டிக் வந்தது. நீ பார்த்தது நிஜம். நீ சாப்பிடப் போன நேரத்துல சர்வர் உன்னை வெளியே தள்ளிடுச்சு. அது தெரியாம என் புரோகிராம் டிக் போட்டிருக்கு. தப்பு என்னோடது. உனக்கு ஒரு மறதியும் இல்ல."

நாத்தனார் அவள் வாயையே பார்த்தாள். "மறதி இல்லையா?"

"இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தாயே, பிழைச்சேன். நேத்து முழுக்க, அம்மா கடைசியா இருந்த மாதிரி நானும் உங்க கையால சாப்பிடப்போறேன்னு நினைச்சு நினைச்சு..."

அந்தக் கைகளை விலக்கிக்கொள்ளவும் முடியாமல், பிடித்திருக்க விடவும் முடியாமல், அண்ணி ஒரு கையை மட்டும் உருவி ஃபோனை எடுத்தாள். அவள் எதிரிலேயே சென்டர் மேனேஜரிடம் பேசினாள். பிழை எங்களுடையது, முன்பு எழுதியது முழு உண்மை இல்லை, எழுதியவள் நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர், எழுத்தில் கொடுங்கள், திங்கட்கிழமை அந்தம்மாவை வரச் சொல்லுங்கள் என்றார். பெரியவர் வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றார். போகிறேன் என்றாள் அண்ணி.

ஃபோனை வைத்தபோது நாத்தனாரின் சிரிப்பு நின்றிருந்தது.

"முன்னாடி எழுதினதுன்னா? உங்களுக்கு எப்போ தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லிவிடலாம். இவள் நம்பிவிடுவாள், இவளைப் போல நம்புகிறவள் யார் இருக்கிறார்கள்? அண்ணி அந்தப் பொய்யைச் சொல்லவில்லை.

"நீ அழுதுட்டு வந்தியே, அன்னிக்கே தெரியும்."

நாத்தனார் அவள் கையை விட்டாள். எதையோ கணக்குப் பார்ப்பவள் போல அண்ணியின் முகத்தையே பார்த்தாள்.

"அப்போ நான் துணி மடிச்சிட்டே அம்மாவுக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேட்டேனே," என்றாள் மெதுவாக. "அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் அடுப்பு, கதவுன்னு எல்லாம் சொன்னீங்களா?"

"ஆமா" என்றாள் அண்ணி.