வியாகுலம் மாஸ்டர் பழக்கிய மூலக்கூறு

இலங்கை மலைநாட்டில், வட்டகொடை வியாகுலம் மாஸ்டர் ஒரே ஒரு மூலக்கூறைப் பிடித்து, போ என்றால் போகவும் வா என்றால் வரவும் பழக்கி வைத்திருந்தார். நாயை இல்லை, மாட்டை இல்லை, மூலக்கூறை! ஒரு கடுகுக்குள் அது எத்தனை என்று எண்ணத் தொடங்கினால், எண்ணுகிறவனுடைய பேரன் பென்ஷன் வாங்கினாலும் கணக்கு முடியாது.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் சொன்னதால் ஊர் நம்பியது. நம்பாதவர் ஒரே ஆள், ஸ்டேஷன் பக்கத்தில் ரேடியோ திருத்தும் சோமசுந்தரம் முதலாளி. கடைக்கு வருகிற எல்லோரிடமும் மாஸ்டரைப் புளுகன் என்பார். மூலக்கூறைப் பழக்க மாஸ்டர் கட்டிய மெஷினுக்கான சாமான் அத்தனையும் அவர் கடைக் கழிவு. அதிலிருந்து பாட்டே ஒழுங்காக வந்ததில்லை, மூலக்கூறா வரும்?

பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க, எண்பத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாஸ்டர் வீட்டுக்குப் போனார். அன்றைக்குத்தான் தேயிலை ஃபெக்டரி ஓடாது, மலையும் அதிராது. கூரை முகட்டு மரத்திலிருந்து நாலு சைக்கிள் டியூபில் ஒரு பழைய ரேடியோ பெட்டி தொங்கியது. உள்ளே பல்பு இழையில் செய்த ஊசி, அதற்கு நேராகச் சீவிய கரித்துண்டு. கரியின் மேல், ஃபெக்டரியில் இலை உலர்த்தும் ட்ரையரின் புகைக்கூண்டில் பஞ்சாய்ப் படியும் வெள்ளைத் தூள் ஒரு சிட்டிகை.

"தேத்தண்ணி குடிச்சா தூக்கம் வராம செய்யுதே, அந்தச் சரக்குதாங்க இது. ஊசி கரியத் தொடாது மொதலாளி, ஆனா தொடுற மாதிரி கிட்டப் போகும். அந்த இடுக்குல கரண்டு தாவும். மேடு வந்தா கூடும், பள்ளம் வந்தா கொறையும். ஊசி போய்ப் போய் வரும்போது அதத்தான் ஸ்பீக்கர்ல கேக்குறோம். சுவிட்சத் தட்டுனா மூலக்கூறு ஊசியில ஏறிக்கும், திரும்பத் தட்டுனா கரியில எறங்கும். நீங்க தும்முனீங்கன்னா எல்லாம் போச்சு."

"நான் தும்மல மாஸ்டர். சிரிப்பத்தான் அடக்கிக்கிட்டு நிக்கிறேன்."

அந்தச் சிரிப்பு வெளியே வரவே இல்லை. கதவு உதைபட்டுத் திறந்தது. குண்டு வைக்கிற கிளர்ச்சிக்காரர்களை வீடு வீடாகத் தேடும் ஆமிக்காரர்கள்!

அந்த வருஷம் ட்ரக்கில் ஏற்றப்பட்டவர்கள் திரும்பி வருவது அபூர்வம். சோமசுந்தரம் அறையை அவர்கள் கண்ணால் பார்த்தார். தொங்கும் பெட்டி, பெட்டரி, வயர், தகர டின்னில் வெள்ளைத் தூள். பெட்டியின் நெற்றியில் கொட்டை எழுத்தில் அவருடைய கடைப் பெயர்! அவர் நெஞ்சு அடித்த அடியில் தலவாக்கலை வரைக்கும் தேயிலைச் செடி ஆடியிருக்கும்.

ஒரு சிப்பாய் பெட்டியை நோக்கிக் கை நீட்டினான்.

"தொடாதீங்க!" என்று அலறினார் மாஸ்டர். உலகத்தில் அந்த நேரத்தில் சொல்லக்கூடாத ஒரே வார்த்தை அதுதான். சிப்பாய்கள் குப்புற விழுந்தார்கள். அதிகாரியின் துப்பாக்கி மாஸ்டரின் நெற்றியில் நின்றது.

மாஸ்டர் நடுங்கிய சிங்களத்தில் மூலக்கூறு கதையைச் சொன்னார்.

"காட்டு," என்றார் அதிகாரி. "பொய்யென்றால் ரெண்டு பேரும் ட்ரக்கில் ஏறுங்கள்."

"யாரும் அசையக் கூடாது மாத்தயா," என்று அதிகாரியை ஐயா போட்டுக் கெஞ்சினார் மாஸ்டர்.

சிப்பாய்கள் மூச்சைக்கூடப் பாதியில் நிறுத்தினார்கள். ஒரு சப்பாத்து கிறீச்சிட, ஸ்பீக்கர் கத்தியது. அதிகாரி முறைத்த முறைப்பில் சப்பாத்தும் வாய் மூடியது. பிறகு, முர், முர், முர் என்று சீரான ஓசை. நடுவில் ஒரு 'டொக்'. ஊசி போய் வரும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே டொக்.

"அந்தா, அந்த டொக்குதான் மூலக்கூறு, ஒத்தையா ஒட்டிக்கிட்டிருக்கு."

"எடு."

மாஸ்டர் சுவிட்சைத் தட்டினார். முர், முர், முர். டொக்கைக் காணோம்.

"திரும்பக் கொண்டு வா."

தட்டினார். வரவில்லை. தூரத்தில் பதுளை ரயில் ஊதியது. அது வந்தால் வீடே ஆடும். மாஸ்டர் மறுபடி தட்டினார்.

டொக்.

அடுத்த நிமிஷம் ரயில் வந்தது. ஸ்பீக்கர் வீறிட்டது. ஊசி மடங்கியது. இனிமேல் காட்ட ஒன்றுமில்லை.

அதிகாரி சோமசுந்தரத்தின் பக்கம் திரும்பினார். "என் ரேடியோவைத் திருத்தும்போது இவனைப் புளுகன் என்று சொன்னவன் நீதானே? இது ரேடியோ தந்திரமா?"

'ஆமாம்' என்றால் தான் மட்டுமாவது தப்பலாம். நாக்கு அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. ஆனாலும் டொக் போய்த் திரும்பி வந்ததைக் கேட்ட காது விடவில்லை.

"இல்ல மாத்தயா," என்றார். "தந்திரம் இல்ல."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். துப்பாக்கி மெல்ல இறங்கியது. ட்ரக் சத்தம் வளைவில் மறைந்தது.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்தார். "எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே, மொதலாளி."

"யாரு பொய் சொன்னா? சாமான் பூரா என்னோடது, அதுங்க போடுற சத்தம் எனக்குத் தெரியாதா? அந்த டொக்கு அதுங்களோடது இல்ல." சோமசுந்தரத்தின் பல் இன்னும் தந்தியடித்தது. "போச்சு. திரும்பி வந்துச்சு. நடந்தது நடந்ததுதான்யா, மாஸ்டர்."