ராய்ஸ் டில்லார்டின் இரண்டாவது அடி

1997 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாலேகாலுக்கு ராய்ஸ் டில்லார்ட் அடித்த கோல்ஃப் பந்து, பதினெட்டாம் குழிக்கு நாற்பதடி உயரத்தில் அந்தரத்தில் நின்றுவிட்டது. நெப்ராஸ்காவின் பெல்மர் ஊரில் அன்று வெயில் தொண்ணூற்றைந்து டிகிரி. காற்று இல்லை.

பெல்மர் ஓப்பன் என்ற கோல்ஃப் போட்டி தொடங்கி அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது. ஊர் ஊராக நடக்கும் பெரிய போட்டிகளின் சுற்றுக்குப் போக முடியாதவர்களும் அங்கிருந்து விழுந்தவர்களும் ஆடும் இரண்டாம் நிலைச் சுற்றில் அது ஒரு நிறுத்தம். ஆட்டக்காரர்களுக்கு ஓட்டல் கட்டுப்படியாகாது என்பதால் ஊர்க்காரர்கள் ஆளுக்கோர் அறை ஒழித்துக் கொடுப்பார்கள். ராய்ஸுக்கு வாய்த்தது, கணவனை இழந்தவளும் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவளுமான அர்லீன் வாவ்ராவின் வீடு. அவனுக்கு முப்பத்தொன்பது வயது. பதினோரு வருடம் ஒரு பழைய வேனில் ஊர் ஊராகப் போய் ஆடியும் ஒரு போட்டிகூட ஜெயித்ததில்லை. இதிலும் தோற்றால் ஜார்ஜியாவுக்குத் திரும்பி அண்ணனின் டயர் கடையில் உட்கார்ந்துவிடுவதென்று முடிவு செய்திருந்தான். ஜெயித்தால் பெரிய சுற்று. நாலு நாள் ஆட்டத்தை அவனும் கிப் லாண்டன் என்ற இளைஞனும் சமமாக முடித்ததால், பதினெட்டாம் குழியை இருவரும் மறுபடி ஆடித் தீர்க்க வேண்டியிருந்தது. அதில் ராய்ஸின் இரண்டாவது அடிதான் அப்படி நின்றது.

விதி அதிகாரி மெர்ல் ஓக்டன் தன் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். குழியின் விளிம்பில் தொங்கும் பந்துக்குப் பத்து நொடி காத்திருக்கலாம் என்று இருந்தது. ஆகாயத்தில் தொங்கும் பந்தைப் பற்றி ஒன்றும் இல்லை. பைனாகுலர் வைத்திருந்த ஒருவரிடம் கேட்டார்.

“அசையுதா?”

“நின்ன இடத்துலயே சுத்துது.”

“அப்ப ஆட்டம் முடியல,” என்றார் மெர்ல். “ராய்ஸ், வெள்ளைக் குச்சி நட்டிருக்கற மைதான எல்லையத் தாண்டினா நீ விட்டுட்டுப் போனதா அர்த்தம். பாத்துக்க.”

கிப் தன் பங்கை நாலு அடியில் முடித்துவிட்டு, பந்து விழுந்ததும் போன் பண்ணச் சொல்லி அடுத்த ஊருக்குக் கிளம்பினான்.

முதல் வாரம் ராய்ஸ் புல்வெட்டும் வண்டி நிற்கும் கொட்டகையில் படுத்தான். அர்லீன் சாப்பாடு கொண்டுவந்தாள். எட்டாம் நாள் அவள் மெர்லிடம் போய், “என் வீட்டுப் பின்வேலி உங்க எல்லையிலருந்து அறுபதடி. அந்த வெள்ளைக் குச்சிகள கொஞ்சம் தள்ளி நட்டா கொறஞ்சா போயிடுவீங்க?” என்று கேட்டாள். தள்ளி நட்டார்கள். அடுத்த வருடம் குச்சிகள் முடிவெட்டும் கடையைச் சுற்றிப் போயின, பிறகு பல் டாக்டரை. 2000-ல் ராய்ஸும் அர்லீனும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டியிருந்ததால் தேவாலயமும் உள்ளே வந்தது. 2003-க்குள் பெல்மர் முழுவதுமே கோல்ஃப் மைதானத்துக்குள் இருந்தது. ராய்ஸ் அங்கேயே புல் வெட்டும் வேலை பார்த்தான். ஒவ்வோர் ஆகஸ்டிலும் புதிய போட்டி அந்தப் பந்துக்கு அடியிலேயே நடந்தது. அதன் நிழல் குறுக்கே விழுகிறதென்று இரண்டு ஆட்டக்காரர்கள் எழுத்தில் புகார் கொடுத்தார்கள்.

2004 மே மாதம் அண்ணன் போன் செய்தான். அப்பாவுக்கு ஈரல் போய்விட்டது, டாக்டர் பத்து நாள் சொல்கிறார் என்றான். மறுநாள் மத்தியானம் ராய்ஸ் கார் சாவியோடு நெடுஞ்சாலை ஓரத்துக் கடைசிக் குச்சிவரை நடந்து போய் நின்றான். அர்லீன் பின்னாலேயே வந்தாள்.

“போயிட்டு வா ராய்ஸ். ஒரு பந்துதானே.”

“வெறும் பந்துன்னா எப்பவோ போயிருப்பேன் அர்லீன். இத்தன வருஷம் நான் ஆடினேன்னு சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு.”

சொல்லிவிட்டு, தாண்டுவதற்குக் காலைத் தூக்கினான்.

“கால வைக்காத!” என்று ஒரு குரல் கேட்டது. எழுபத்தொரு வயது மெர்ல், ஒரு பிக்கப் வண்டியின் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பதிமூன்று வண்டிகள். எல்லாவற்றிலும் மரக்கடையில் அன்று காலை அறுத்துப் பூசிய வெள்ளைக் குச்சிகள், இன்னும் ஈரம் காயாமல்.

“நாங்க நட்டுக்கிட்டே போறோம். நீ பின்னாடியே வா, முந்தாத.”

ஒரு நாளில் போகிற தூரத்துக்கு நாலு நாள் பிடித்தது. மிசௌரி, இல்லினாய், கென்டக்கி, டென்னசி என்று சாலையின் இரண்டு ஓரமும் நட்டுக்கொண்டே போனார்கள். கென்டக்கியில் ஒரு போலீஸ்காரர் வழிமறித்து, விஷயத்தை முழுக்கக் கேட்டு, இன்னொரு சுத்தியல் இருக்கிறதா என்றார்.

ஜார்ஜியாவில் அப்பா கண் திறந்து பார்த்தார். “ஜெயிச்சிட்டியா?”

“இன்னும் ஆடிக்கிட்டுதான்பா இருக்கேன்.”

“நீ விட்டுட்டேன்னு நெனச்சேன்,” என்றார் அப்பா. அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் இறந்தார்.

2008-ல் போட்டியை நடத்திவந்த விதைக் கம்பெனி விலகிக்கொண்டது. அடுத்த வருட அட்டவணையில் பெல்மரின் பெயர் இல்லை. போட்டி கலைக்கப்பட்டதாக ஒரு கடிதம் வந்தது. சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ராய்ஸுக்கு அர்லீன் அதைப் படித்துக் காட்டினாள்.

“பந்தப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?”

“ஒண்ணும் இல்ல.”

“சரி,” என்று அடுத்த கிழங்கை எடுத்தான்.

மைதானத்தை ஒரு விவசாயி வாங்கி உழுது சோளம் போட்டார். ஜூலையில் மருந்து தெளிக்கும் விமானி, பதினெட்டாம் குழி இருந்த இடம் வந்ததும் விமானத்தை ஐம்பதடி மேலே தூக்கி, தாண்டியதும் மறுபடி வரிசையில் இறங்குகிறார். அந்தத் துண்டு நிலத்தில் மட்டும் மருந்து கொஞ்சம் குறைவாக விழுகிறது. விளைச்சலில் வித்தியாசம் தெரியவில்லை.