கோலப்பன் சாரின் கனத்த புத்தகம்

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் கோலப்பன் சாருக்கு உலகத்தில் பிடித்த பொருள் ஒன்றுதான்: அவர் எழுதிய புத்தகம். ஆயிரத்து இருநூறு பக்கம். அதை வாசித்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. அவரிடம் ஆராய்ச்சி செய்யும் நானே வாசிக்கவில்லை.

எனக்குப் பிடித்த பொருள் ஒரு ரப்பர் கட்டை. வரிசை வரிசையாக ஓட்டை விட்டு நானே வார்த்தது. சாதாரண ரப்பரை மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். இது ஓட்டைகளை மூடிக்கொண்டு உள்ளுக்குச் சுருங்கவேண்டும். ஆனால் வார்த்த கட்டையெல்லாம் ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம் என்று கேரளத்துத் தேர்தல் ஓட்டு மாதிரி சாய்ந்துகொண்டிருந்தன. கடைசியில் ஒன்றே ஒன்று நேராகச் சுருங்கியது. விஜயதசமிக்கு மறுநாள் மதிப்பீட்டுக் குழு வந்து பார்க்கும். அவர்களுக்குப் பிடித்தால் எனக்கு இன்னும் ஒரு வருடம் உதவித்தொகை. இல்லையென்றால் திருவனந்தபுரம் தம்பானூரில் பாறசாலை பஸ் ஏறி வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

துர்காஷ்டமி சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில் பூஜை வைத்தார்கள். விளக்குக்கு முன்னால் வைத்த கருவியையும் புத்தகத்தையும் விஜயதசமி காலைவரை ஒருவரும் தொடக்கூடாது. சார் தன் புத்தகத்தோடு வந்தார். சுற்றிப் பார்த்தார். என் கட்டையை எடுத்து வைத்து, அதன்மேல் புத்தகத்தை ஏற்றினார்.

"சார், அது குழுவுக்குக் காட்டவேண்டிய கட்டையாக்கும்."

"புத்தகத்தத் தரையில வைக்கப்பிடாது, கேட்டியா ஜெஸ்லின். இது நல்ல பீடம்."

"நசுங்கிப் போவும் சார்."

"எழுத்தோட பாரத்துல ஒண்ணும் நசுங்காது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் போய் எடுத்தால், கிறிஸ்தவச் சபைக்காரி பூஜையைக் கலைத்துவிட்டாள் என்பார்கள். அப்படியே விட்டுவிட்டு விடுதிக்குப் போனேன்.

விஜயதசமியன்று புத்தகத்தை எடுத்தபோது, அதன் தைத்த, கனத்த முதுகு இருந்த இடப்பக்கமாகக் கட்டை சாய்ந்து நின்றது. மறுநாளும் நிமிரவில்லை. குழு வந்தது. அமுக்கும் எந்திரத்தில் வைத்தேன். இடப்பக்கம் சாய்ந்தது.

"வார்ப்பு சரியில்ல மேடம். பிள்ளைக்குக் கவனம் போராது" என்றார் சார். பாவி மனுஷன்.

குழுத்தலைவி வடிவம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இன்னொருக்க அமுக்கு."

இடப்பக்கம். மறுபடியும் இடப்பக்கம். எத்தனை முறை அமுக்கினாலும் அதே பக்கம்.

"மத்தக் கட்டையெல்லாம் எப்படி?"

"தோணின பக்கம் சாயும் மேடம்."

"பின்ன இது மட்டும் ஏன் ஒரே பக்கம் போவுது? இதுக்கு மேல என்ன பாரம் இருந்தது?"

நான் சாரைப் பார்த்தேன். சார் சுவரைப் பார்த்தார்.

"சாரோட புத்தகம் மேடம். பூஜைக்கு வச்சது."

"ஒரு புத்தகம் அவ்வளவு கனமா இருக்குமா?"

இதை மட்டும் சாரால் பொறுக்கமுடியவில்லை. "ஆயிரத்து இருநூறு பக்கமாக்கும் மேடம்" என்றார்.

வடிவம்மாள் சிரிக்கவில்லை. "முதல்லயே பாரம் வச்சுப் பழக்கினா, எந்தப் பக்கம் சாயணும்னு நாமளே தீர்மானிக்கலாம். இந்தப் பிள்ள இதையே செய்யட்டும். ஒரு வருஷம் கொடுக்கலாம்."

எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் சார் முந்திக்கொண்டார்.

"என்னோட ஐடியாவாக்கும் மேடம்."

அடுத்த வருடம் கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் அவருடையது. எழுதியது நான். அவருடைய புத்தகத்தை அதுவரை எந்தக் கட்டுரையும் மேற்கோள் காட்டியதில்லை. நான் காட்டினேன், பயன்படுத்திய கருவிகள் என்ற தலைப்பின் கீழே, எடைக்கல் என்று.