அறுபத்துமூன்று பேருக்குச் சொல்ல வேண்டியது

மார்ச் முதல் தேதிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில்தான் அந்த போன் வந்தது.

ஸோர்னிட்சாவின் கடை பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரத்தில், மூடிப்போன ஒரு தையல் கம்பெனியின் இரண்டாம் மாடியில் இருந்தது. ஆள் வந்து ஏறி இறங்கும் கடை அல்ல. இணையத்தில் மட்டும் நடக்கும் வியாபாரம். மாடியில் இருந்ததெல்லாம் அட்டைப்பெட்டிகளும், சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய மார்டெனிட்சா நூல் சரங்களும்தான். மார்ச் முதல் தேதி அந்த நூலைக் கட்டாத கை ஊரில் இருக்காது. இரண்டாம் தேதி அதைச் சும்மா கொடுத்தாலும் சீந்துவாரில்லை. வருஷத்துச் சம்பாத்தியம் முழுவதும் ஐந்தே வாரத்தில் வந்தாக வேண்டும்.

அந்த நேரத்தில் அவளும் தம்பி யாசெனும் மூன்று வாரமாக ஓயாத அதே சண்டையில் இருந்தார்கள். கடையின் மென்பொருளை யாசென்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் தானே படித்துத் தெரிந்துகொண்டு, சொந்த சர்வரில் நிறுத்தியிருந்தான். அதை விட்டுவிட்டு, மாத வாடகைக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு மாறிவிட வேண்டும் என்பது அக்காவின் கட்சி.

"மாசா மாசம் வாடகை, அதுக்கு மேல விக்கற ஒவ்வொண்ணுலயும் கமிஷன். நம்மளுது இலவசம்க்கா!"

"இலவசமா? போன வருஷம் கடையைக் கூரியர் கம்பெனியோட சேக்கற இணைப்புக்குக் காசு கட்டினோமே, அது என்ன தர்மமா? கிறிஸ்துமஸ் அன்னிக்கு சாப்பாட்டு மேஜையில கம்ப்யூட்டரைத் திறந்து வச்சிட்டு உட்கார்ந்தியே, அந்த மணி நேரத்துக்கெல்லாம் விலை கிடையாதா?"

"என் நேரம் என் இஷ்டம்."

போன் அடித்தது. யாசென்தான் எடுத்தான். வ்ராட்சாவிலிருந்து ஸ்தோய்னா என்ற பெண். ஒரு மழலையர் பள்ளியின் தலைமை ஆசிரியை. நூற்றுப்பதினெட்டுக் குழந்தைகளுக்கு, ஒவ்வொன்றிலும் குழந்தையின் பேர் எழுதி மார்டெனிட்சா கேட்டிருந்தவர். அவருடைய கார்டிலிருந்து அறுநூற்று நாற்பது லெவா, அவர் கால் வைத்தே இராத ஏதோ ஒரு நாட்டின் செருப்புக் கடைக்குப் போயிருந்தது.

"இந்த மாசம் நான் அந்தக் கார்டை உங்ககிட்ட மட்டும்தான் போட்டேன்," என்றார் அவர்.

"எங்க கடையில அப்படியெல்லாம் நடக்காதுங்க. வேற எங்கயாவது பாருங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான் யாசென்.

வைத்த கை இன்னும் போனிலேயே இருந்தது. அதை ஸோர்னிட்சா கவனித்தாள். அரை மணியில் இன்னொரு போன். இந்த முறை பூர்காஸிலிருந்து ஒரு டாக்ஸி ஓட்டுநர். அதே கதை.

யாசென் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பணம் கட்டும் பக்கத்துக்குள் அவன் எழுதாத பதினாலு வரி இருந்தது. கார்டு எண்ணை யார் அடித்தாலும் அது ஒரு நகல் எடுத்து எங்கேயோ அனுப்பிக்கொண்டிருந்தது. உள்ளே வந்த தேதி பிப்ரவரி இரண்டு.

"பதினேழு நாள்," என்றான்.

"திருடன் எப்படி உள்ள வந்தான்?"

"ஜனவரியில ஒரு அப்டேட் வந்துச்சு. பாதுகாப்பு அப்டேட். நான் போடல."

"ஏன் போடல?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "போட்டா கூரியர் இணைப்பு அறுந்துரும்னு சொன்னேன். அதைப் புதுசா எழுத சோபியாவுல ஒரு ஆளு ஆயிரத்து இருநூறு லெவா கேட்டான்னும் சொன்னேன். மார்ச் கழியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு நீதான் சொன்னே."

ஸோர்னிட்சாவுக்குத் தான் சொன்னது நினைவிருந்தது. நூல் கண்டுகளை எண்ணிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொல்லியிருந்தாள்.

"ஆனா அதோட ஆபத்து என்னன்னு நீ சொல்லலியே."

"எனக்கே அவ்வளவு தெரியல. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டேன்."

அந்தப் பதினேழு நாளில் கார்டில் பணம் கட்டியவர்கள் அறுபத்துமூன்று பேர். மற்றவர்கள் வழக்கம்போலக் கூரியர்காரனிடம் வாசலில் காசு கொடுப்பவர்கள். யாசென் தாழ்ந்த குரலில் ஒரு யோசனை சொன்னான். அந்த வரிகளை அழித்துவிடலாம், பாஸ்வேர்டுகளை மாற்றிவிடலாம், கார்டு வசதியை எடுத்துவிடலாம், கடை ஓடட்டும். யாருக்கும் தெரிய வேண்டாம். இன்னும் பதினோரு நாள்தானே.

"வேற எங்கயாவது ஒளிஞ்சிருக்கானா, இல்லியா? உன்னால சத்தியம் பண்ண முடியுமா?"

அவன் திரையை மேலும் கீழுமாக உருட்டிப் பார்த்தான்.

"அப்ப மூடு."

"அக்கா, இன்னிக்கு மட்டும் முன்னூறு ஆர்டர் வரும். முப்பத்தோரு பொம்பளைங்க வீட்ல உக்காந்து நூல் முறுக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்லுவே?"

"மூடுடா!"

அவன் மூடினான். மாடியில் ஆர்டர் வரும்போதெல்லாம் ஒலிக்கும் சின்ன மணிச் சத்தம் நின்றுபோனது. அப்புறம்தான் அது எவ்வளவு நேரமாக ஒலித்துக்கொண்டிருந்தது என்பதே இருவருக்கும் உறைத்தது.

அன்று மத்தியானமே ஸோர்னிட்சா அரசின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு நடந்ததை எழுதினாள். அறுபத்துமூன்று பேரின் பட்டியலை அச்செடுத்து நடுவில் கிழித்தாள்.

"முப்பத்திரண்டு பேரை நான் கூப்பிடறேன். மிச்சம் உனக்கு."

"மெயில் அனுப்பினா போதாதா?"

"உன் பணம் போயிருந்தா உனக்கு மெயில் போதுமா?"

முதலில் அவள் ஸ்தோய்னாவை அழைத்தாள். எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"காலையில உங்க ஆளு என்னைப் பைத்தியக்காரி மாதிரி பேசினார்."

"அவன் என் தம்பி. தப்பு எங்களுதுதாங்க. கார்டை உடனே நிறுத்தச் சொல்லிடுங்க. நீங்க எங்களுக்குக் கட்டின பணத்தையும் திருப்பி அனுப்பறேன்."

"கார்டை எப்பவோ நிறுத்தியாச்சு. போனதை பேங்க் தருமாம், ஒரு மாசம் ஆகுமாம்." அவர் பெருமூச்சு விட்டார். "பார்சலை மட்டும் அனுப்பிடுங்க. பிள்ளைங்க பேரெல்லாம் அதுலதானே எழுதியிருக்கு. உங்கமேல இருக்கற கோபத்தைப் பிள்ளைங்ககிட்டயா காட்ட முடியும்?"

யாசென் தன் முதல் எண்ணை மூன்று தடவை அடித்து, மூன்று தடவை அழித்தான். நாலாவது தடவை எதிர்முனையில் எடுத்தே விட்டார்கள். ப்ளெவெனில் ஒரு கிழவர். யாசென் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொல்லி, "காரணம் நான்தாங்க," என்று முடித்தான்.

"தம்பி," என்றார் கிழவர், "அந்தக் கார்டுல இருந்ததே பதினோரு லெவா. திருடனைப் பாத்தா என் அனுதாபத்தைச் சொல்லு."

எல்லாரும் அப்படியில்லை. ஒருவர் வக்கீல் பேரைச் சொன்னார். ஒரு பெண் திட்டித் தீர்த்துவிட்டு அழுதாள். அவளிடமிருந்து போனது வாடகைக்கு வைத்திருந்த பணம். அந்த அழைப்புக்குப் பிறகு யாசென் போய் முகம் கழுவிவிட்டு வந்து, அடுத்த எண்ணை ஒரே தடவையில் அடித்தான்.

பழைய கடையைத் திறக்க வழியில்லாததால், செவ்வாய் முழுக்க அக்கா சொன்ன வெளிநாட்டு வாடகைக் கம்பெனியில் புதிதாகக் கடையை எழுப்பினார்கள். விளம்பரத்தில் இருந்த மாத வாடகை சின்னதுதான். உள்ளே போகப் போகத்தான் தெரிந்தது: கூரியர் இணைப்புக்கு மாதக் கட்டணம் தனி, பல்கேரிய மொழியில் ரசீது அடிக்கத் தனி, பொருளின் மேல் பேர் எழுதக் கேட்கும் பெட்டிக்குத் தனி.

"கதவு ஜன்னலுக்கு இன்னும் காசு கேக்கலியா?" என்றான் யாசென்.

"வாயை மூடிட்டுப் படத்தை ஏத்து."

புதன் காலை கடை திறந்தது. மணிச் சத்தம் மறுபடி கேட்டது. ஒரு நாளைக்குள் இருநூற்றுப்பன்னிரண்டு ஆர்டர். ஸோர்னிட்சா அன்றைக்குத்தான் உட்கார்ந்து சூடாக ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப் குடித்தாள்.

வியாழன் பதினொன்றே முக்காலுக்குத் திரையில் சிவப்புப் பட்டை. உங்கள் கடை பரிசீலனைக்காக நிறுத்தப்பட்டுள்ளது. புதிய கடையில் இவ்வளவு விற்பனை வழக்கத்துக்கு மாறானதாம். ஆவணங்களை அனுப்புங்கள், மூன்று முதல் ஏழு வேலை நாளில் பதில் வரும்.

ஆவணங்களை அடுத்த ஐந்து நிமிஷத்தில் அனுப்பினாள். போன் செய்யலாமென்றால் எண் கிடையாது. ஒரு உரையாடல் பெட்டி மட்டும் இருந்தது. பதில் சொன்னது ஆளல்ல, இயந்திரம். மார்ச் முதல் தேதியைப் பற்றி அவள் நாலு தடவை எழுதினாள். நாலு தடவையும் அது அவளுடைய பொறுமைக்கு நன்றி சொன்னது. இருநூற்றுப்பன்னிரண்டு பேரின் முகவரியும் அந்தப் பட்டைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தது.

தம்பி இப்போது ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். சொல்லிக்காட்டினால் கையில் இருப்பதை அவன் மேல் எறிந்துவிடலாம் என்றுகூட இருந்தாள்.

"அக்கா, ஆர்டரெல்லாம் மெயில்ல இருக்கு," என்றான் அவன்.

"என்ன மெயில்?"

"ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நகல் நமக்கு மெயில்ல வர்ற மாதிரி வச்சிருந்தேன். அவங்க மேல எனக்கு நம்பிக்கையில்ல. அதான் சொல்லாம வச்சேன்."

அவள் அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். அடியா கொஞ்சலா என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்றைக்கு முழுக்க முகவரிகளைக் கையால் எழுதிப் பொட்டலங்களில் ஒட்டினார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்கு யாசென் திருடன் தொடாத ஒரு புதுக் கணக்கில் இணையத்தில் ஒற்றைப் பக்கம் போட்டான்: படங்கள், ஒரு போன் எண், பணம் வாசலில் கூரியர்காரரிடம். அவ்வளவுதான். நூல் முறுக்கும் பெண்களில் நாலு பேர் மாடிக்கு வந்து போன் எடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி, "நூல் முறுக்கறதைவிட இது கஷ்டம். இதுக்கு விரல் வலிக்காது, காது வலிக்குது," என்று சொல்லிக்கொண்டே முகவரி எழுதினாள்.

பிப்ரவரி கடைசி நாள் மத்தியானம் கடைசிப் பார்சல் போனது. போன வருஷம் விற்றதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் விற்றிருந்தது. ஒன்பது பெட்டி அப்படியே நின்றது. பெண்களுக்குக் கூலி முழுசாகக் கொடுத்தாள்; அதனால், வாங்க நினைத்திருந்த வேன் கைநழுவிப் போயிற்று. வாடகைக் கம்பெனி மார்ச் ஐந்தாம் தேதி பட்டையை எடுத்துவிட்டு, தாமதத்துக்கு வருந்தி ஒரு கடிதம் அனுப்பியது. ஆணையம் கேள்வி மேல் கேள்வி கேட்டு, அவளே முன்வந்து சொன்னதைக் கணக்கில் எடுத்து, மே மாதம் எச்சரிக்கையோடு விட்டது.

ஏப்ரலில் இருவரும் மறுபடி அதே மேஜையில் உட்கார்ந்தார்கள்.

"உன் கட்சியே ஜெயிக்கட்டும். வாடகைக்கே போயிடலாம்," என்றான் யாசென். "என்னால இனிமே ராத்திரி தூங்கும்போதும் அதையே நினைச்சுட்டு இருக்க முடியாது."

"அவங்க மறுபடி பூட்டிட்டா யார்கிட்ட போய்க் கத்தறது? அந்த மெஷின்கிட்டயா?"

"அப்ப என்னதான் செய்யணும்ங்கறே?"

ஸோர்னிட்சா நிறைய யோசித்திருந்தாள். "சொந்த இடத்துலயே இருப்போம். கார்டு எண்ணு நம்ம பக்கத்துக்கே வர வேண்டாம், பேங்க்கோட இணையப் பக்கத்துலயே கட்டிக்கட்டும். அப்டேட்டு, பாதுகாப்பெல்லாம் பாக்க அந்த சோபியா ஆளுக்கு மாசச் சம்பளம். வாடகையைவிட அது ஜாஸ்திதான், பாத்துட்டேன்."

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"தெரியாததைத் தெரியாதுன்னு என்கிட்ட சொல்ற வேலை. நான் தலையைத் தூக்கிக் கேக்கறேன்."

யாசென் போனை எடுத்து, சோபியா ஆளின் எண்ணைத் தேடினான்.