அணிக்கு ஒரு வைத்தியர்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் நாலு பேரும் அம்மா வீட்டு ஹாலில் உட்கார்ந்து அரக்கர்களோடு சண்டை போடுவோம். பெரியண்ணன், அவர் மனைவியான அண்ணி, சின்னண்ணன், நான். டிவியில் ஓடும் வீடியோ கேம்தான், ஆனால் பெரியண்ணன் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது. அவர் சரக்குக் கிடங்கு ஒன்றில் மேலாளர். லாரிக்காரர்களை விரட்டுகிற குரலிலேயே எங்களையும் விரட்டுவார்.

அம்மா வீடு என்றால் அம்மாவும் நானும் இருக்கும் வீடு. அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்து தகடு வைத்ததிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடை. பாத்ரூம் வரை தானே போய்விடுவார், உட்கார்ந்துவிட்டால் தானே எழுந்திருக்க முடியாது, இடுப்பில் போட்டிருக்கும் பெல்ட்டைப் பிடித்து ஒருவர் தாங்க வேண்டும். வேலை நாட்களில் பகலுக்கு மட்டும் ஓர் உதவிக்கார அம்மா வருவார். மற்ற நேரமெல்லாம் நான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். வீடு அளவுக்கு இருக்கும் பெட்டியைக் கப்பலிலிருந்து எடுத்து, கீறல் விழாமல் லாரியில் வைப்பேன். தலையில் நரை வந்த பிறகும் வீட்டில் எனக்குப் பெயர் பாப்பா.

ஒரு ஞாயிறு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வேறொரு துறைமுகத்தில் தலைமை ஆபரேட்டர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் பதில் சொல்ல வேண்டும். வருகிறேன் என்று சொல்லத்தான் ஆசை. நான் போனால் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று இவர்களிடம் கேட்க வேண்டும். காலையிலிருந்து கேட்கவில்லை. அவர்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும் என்பதுதான் காரணம்.

கேமைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் கொண்ட அணி. ஒருவர் கேடயத்தோடு முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்க வேண்டும். கேமின் தமிழ்ப் பட்டியலில் அவருக்குத் 'தொட்டி' என்று பெயர் போட்டிருந்தார்கள். ஆங்கிலத்து 'டேங்க்'கை எந்தப் புண்ணியவான் இப்படி மொழிபெயர்த்தானோ! பெரியண்ணனைத் தொட்டி என்று கூப்பிட முடியாது என்பதால் சின்னண்ணன் 'இடிதாங்கி' என்று மாற்றினான், அதுவே நிலைத்துவிட்டது. சின்னண்ணன் திருடன், பூட்டுத் திறப்பான், பின்னால் போய்க் குத்துவான். அண்ணி மந்திரவாதி, தூரத்திலிருந்து நெருப்பு வீசுவார். நான் வைத்தியர். யார் உடம்பில் ரத்தம் குறைந்தாலும் ஓடிப்போய் ஏற்ற வேண்டும். ஒரு தடவைகூட நான் யாரையும் வெட்டியதில்லை.

இதில் 'ஒற்றை உயிர்' என்று ஒரு முறை உண்டு. அதில்தான் பெரியண்ணன் விளையாடுவார். செத்தால் செத்ததுதான், நாலு பேரும் செத்தால் இத்தனை மாதம் சேர்த்ததெல்லாம் அழிந்துவிடும். அவருக்கோ பயமே கிடையாது. நெருப்பு எரியும் இடமாகப் பார்த்துக் குதிப்பார். "ஐயோ அண்ணா" என்று நான் கத்தினால், "அதான் நீ இருக்கியே" என்பார்.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றும் இதே சோபாவில் உட்கார்ந்து, யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு எடுத்தார்கள். "அதான் பாப்பா இருக்காளே" என்றார் பெரியண்ணன். காபி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. அடி வாங்குகிறவருக்குப் பெயர், துடைத்துவிடுகிறவளுக்கு வேலை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அந்த ஞாயிறு நாங்கள் கடைசிக் கதவுக்கு முன்னால் நின்றோம். உள்ளே கல்லரசன். கதவைத் தாண்டினால் கேமை நிறுத்தி வைக்க முடியாது, சண்டை முடிகிற வரை யாரும் கையெடுக்கக் கூடாது. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தீ எரியும். அங்கே மட்டும் யார் வேண்டுமானாலும் தன் வேலையை மாற்றிக்கொள்ளலாம்.

"நான் முன்னாடி. சின்னவன் பின்னாடி போய்க் குத்தணும். நீ தள்ளி நின்னு நெருப்பு போடு" என்று அண்ணியிடம் சொன்ன பெரியண்ணன், என் பக்கம் திரும்பாமலே, "பாப்பா வழக்கம்போல" என்றார்.

"நான் வைத்தியர் இல்ல."

"என்னது?"

"இந்தத் தடவை நான் வாள் எடுக்கறேன்."

பட்டனை அழுத்தினேன். தீக்குப் பக்கத்தில் நின்ற என் ஆளின் வெள்ளை அங்கி போய் இரும்புச் சட்டை வந்தது. சின்னண்ணன் சொந்தமாகச் சலூன் வைத்திருப்பவன், எதற்கும் ஒரு நக்கல் கைவசம் இருக்கும். "யாரை வெட்டப் போற? எங்களையா?" என்று சிரித்தான்.

"விளையாடாத பாப்பா" என்றார் பெரியண்ணன். "வைத்தியர் இல்லாம உள்ள போனா ஒருத்தர் மிஞ்ச மாட்டோம்."

"அப்ப உங்கள்ல யாராவது ஆகுங்க."

மூன்று பேரும் கையிலிருந்த கன்ட்ரோலரைப் பார்த்தார்கள். இனிமேல் தள்ளிப்போட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குப் பட்டது. படபடவென்று கொட்டிவிட்டேன்.

"எனக்கு வேற துறைமுகத்துல தலைமை ஆபரேட்டர் வேலை வந்திருக்கு. நாளைக்குக் காலையில பதில் சொல்லணும். நான் போகலாம்னு இருக்கேன்."

பெரியண்ணன் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார்.

"போயேன், யாரு வேணாம்னாங்க? அம்மாவுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போ."

"நானே பண்ணணுமா? உங்களுக்கும் அவங்க அம்மாதானே?"

"சரி சரி, அதை அப்புறம் பேசலாம். முதல்ல இதை முடிப்போம்."

இவருடைய 'அப்புறம்' எனக்குத் தெரியாதா? அதற்குள் மறுநாள் காலை வந்துவிடும், நானும் வரவில்லை என்று போனில் சொல்லியிருப்பேன். அப்போது திரையில் அண்ணியின் ஆளைப் பார்த்தேன். மந்திரவாதியின் நீல அங்கி வெள்ளையாக மாறிக்கொண்டிருந்தது. அண்ணி வைத்தியர் ஆகிவிட்டார். யாரும் கேட்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, ஆள் கிடைத்துவிட்டது என்று மனசு குதித்தது. அடுத்த நொடியே என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. அண்ணி பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் நின்றுகொண்டு ரத்தம் எடுப்பவர். வீட்டுக்குப் போனால் இரண்டு பிள்ளைகள், அதற்கு மேல் பெரியண்ணன்.

"பாத்தியா? அணின்னா இதான்" என்றார் பெரியண்ணன் திருப்தியாக.

உள்ளறையிலிருந்து அம்மாவின் வாக்கர் டக் டக்கென்று பாத்ரூம் பக்கம் போகும் சத்தம் கேட்டது. பெரியண்ணன் கதவைத் தள்ளினார்.

கல்லரசன் எழுந்து நின்றபோது திரையின் மேல் விளிம்பில் அவன் தலை இடித்தது. ஒரு கையால் அவன் அறைந்ததில் பெரியண்ணனின் ரத்தம் பாதியாகக் குறைந்தது. அண்ணி ஏற்றினார். நான் காலடிக்குள் புகுந்து முதல் முறையாக வாளை ஓங்கினேன். கல் தெறித்தது. எனக்கு ஒரே ஆனந்தம். "அப்படித்தான் பாப்பா!" என்று சின்னண்ணனே கத்தினான்.

அப்போதுதான் பாத்ரூமிலிருந்து குரல் வந்தது.

"பாப்பா..."

மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின.

"அம்மா கூப்பிடறாங்க" என்றார் பெரியண்ணன்.

"கேக்குது."

"எழுந்து போயேன்!"

"அண்ணா, நான் இவன் கால்கிட்ட நிக்கறேன். விட்டா செத்தேன்."

அவர் மறுபடி கேட்கவில்லை. முகவாயை லேசாக அண்ணி பக்கம் ஆட்டினார், அவ்வளவுதான். சின்னண்ணன் கண்ணும் கூடவே அண்ணியிடம் போயிற்று. அண்ணி கன்ட்ரோலரை மடியில் இறக்கிவிட்டு எழப் பார்த்தார். எனக்கு விடுதலை கிடைக்கப்போகிற லட்சணம் அதுதான். என் இடத்தில் இன்னொருத்தியை நிறுத்திவிட்டு நான் கிளம்ப வேண்டும்.

"உக்காருங்க அண்ணி" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. "அண்ணா, நீங்க போங்க."

"நானா?" பிரசவம் பார்க்கச் சொன்னது போல முழித்தார். "நான் போனா இடிதாங்கி யாரு? மொத்த அணியும் காலி."

"காலியாகட்டும்."

"அதுக்கில்ல, பாத்ரூம்ல அவங்களை நான் எப்படி..."

"உங்களைக் கழுவி விட்டவங்கதானே? போங்க."

"பாப்பா, கால் மரத்துப் போச்சு..." அம்மாவின் குரல் மெலிந்திருந்தது. "நானே எழுந்து பாக்கறேன்."

தரை ஈரமாக இருக்கும். விழுந்தால் மறுபக்கத்து இடுப்பும் போய்விடும். ஒரு வேலைக்காகப் பெற்ற தாயைப் பணயம் வைக்கிறாயா என்று உள்ளே ஒரு குரல் கிடந்து கத்தியது. என் கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்தன. இப்போது போனால் இனி எப்போதும் நான்தான் போவேன். கால்களைச் சோபாவின் அடியில் அழுத்திக்கொண்டு கத்தினேன்.

"அம்மா, எழுந்திரிக்காதீங்க! அண்ணன் வர்றாரு!"

பெரியண்ணன் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். கன்ட்ரோலரைச் சோபாவில் விட்டெறிந்துவிட்டு ஓடினார்.

திரையில் அவருடைய இடிதாங்கி கேடயத்தைத் தொங்கவிட்டபடி சும்மா நின்றான். கல்லரசன் அவனை அறைந்துகொண்டே இருந்தான். எங்கள் காதெல்லாம் பாத்ரூமில்.

"எதைப் புடிக்கணும்மா?"

"கையை இழுக்காதடா, தோள்பட்டை கழண்டுடும். இடுப்புல பெல்ட் இருக்கு பாரு, அதைப் புடி."

"எங்க?"

"இங்கதான்டா. அட, என்னை ஏன் தூக்கற? நான் எழுந்திரிக்கிறப்போ நீ தாங்கிக்கோ, போதும்."

தடால் என்று ஏதோ விழுந்து உருண்டது. மூன்று பேர் விரல்களும் நின்றுவிட்டன.

"ஒண்ணுமில்ல, பக்கெட்டுதான்" என்றது அம்மாவின் குரல்.

பெரியண்ணன் ஹால் வாசலில் தலையை நீட்டினார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. "அம்மா துணி ஈரமாயிடுச்சு. மாத்துத் துணி எங்க இருக்கு?" என்று அண்ணியைப் பார்த்துக் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என்னை முந்திக்கொண்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தேடிப் பாருங்க" என்றார்.

அண்ணி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சின்னண்ணனுக்குப் புரையேறியது. பெரியண்ணன் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

இடிதாங்கி விழுந்தான். பிறகு சின்னண்ணனின் திருடன். அண்ணி என் உயிரைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார், நானும் வெட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. இருவரும் ஒன்றாகவே செத்தோம். அத்தனை மாத உழைப்பும் அழிந்து திரை கறுத்தது.

அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு வரப் பெரியண்ணனுக்கு வெகுநேரம் ஆயிற்று. முட்டியெல்லாம் ஈரம், நெற்றியில் வியர்வை. ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பார், என்னைக் கிழிப்பார் என்று தயாராக இருந்தேன். அவர் டிவி பக்கம் பார்க்கவே இல்லை.

"இது தினமுமா?" என்றார்.

"தினமும்."

"ராத்திரியிலயும்?"

"ராத்திரிதான் அதிகம்."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கைகளைக் கால்சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நீ எப்பக் கிளம்பணும்?"

"அடுத்த மாசம்."

"அதுக்குள்ள அந்த பெல்ட்டை எப்படிப் போடறதுன்னு எனக்குக் காட்டு" என்றவர், சோபா பக்கம் திரும்பினார். "டேய், நீயும்தான். எழுந்திரு."

சின்னண்ணன் கன்ட்ரோலரும் கையுமாக என்னைப் பார்த்தான், பிறகு அண்ணியைப் பார்த்தான். நாங்கள் இருவருமே அசையவில்லை. அவன் மெதுவாக எழுந்து அம்மாவின் அறைக்குப் போனான்.